புகைக்கரியும் காலநிலையும்: மட்டக்களப்பு வாவிக்கரை நெல், காய்கறிச் செய்கையாளருக்கான பாடம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் கமக்காரருக்குப் புகை புதிய பொருளன்று. பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்களிற் படுவான்கரை வட்டைகளில் வைக்கோல் கொளுத்தப்படுவதும், அப்புகை வயல்வெளி மேல் மெல்லிய திரைபோற் படிந்து நிற்பதும் ஆண்டுதோறும் காணப்படும் காட்சியாகும். மாலைக்குள் புகை கலைந்துவிடுகிறது. அத்துடன் அது ஒழிந்தது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது ஒழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரித்துணிக்கைகளாகப் பல நாட்கள் வானில் மிதந்து, வெயிலையும் மழையையும் ஓரளவு மாற்றிவிட்டே அது நிலத்தை அடைகிறது. இம்மாற்றத்தை விஞ்ஞானிகள் எவ்வாறு கணக்கிடுகின்றனர் என்பதையும், அக்கணக்கிலிருந்து கமக்காரர் பெறத்தக்க பயன் யாது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

1. புகைக்கரி என்பது யாது?

வைக்கோல், விறகு, மண்ணெண்ணெய், டீசல் முதலியவை போதிய ஒட்சிசனுடன் எரிந்தால் அவற்றிலுள்ள காபன் காபனீரொட்சைட்டாக மாறும். ஒட்சிசன் போதாதவிடத்து அதன் ஒரு பகுதி எரிந்து முடியாமற் கரியாகவே வெளியேறும். இதுவே புகைக்கரி. குப்பி விளக்கின் மேல் விளிம்பிலும் சமையலறைக் கூரையிலும் படியும் கருமை இதுவேயாகும். சாதாரண திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் நூற்றுக்கு 7 முதல் 9 பங்கு வரை புகைக்கரியாக மாறுகிறது என்பது 2012 ஆம் ஆண்டில் வெளியான அளவீடுகளால் தெரியவந்தது.

ஒரு கரித்துணிக்கை ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பருமனுடையது. இத்துணை சிறியதாதலின் அது தன் பாரத்தால் விரைவில் விழுவதில்லை, காற்றுடன் செல்கிறது. மூச்சுடன் உட்சென்றால் நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது.

ஈரமான வைக்கோலிலிருந்து எழும் வெண்புகையிற் கரி குறைவு. பிற துணிக்கைகள் மிகுதி. வெண்மையான துணிக்கைகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. கரிய துணிக்கைகளோ வெயிலை விழுங்கி வெப்பமாக்குகின்றன. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2. கரி செய்யும் இரண்டு வேலைகள்

ஓர் எளிய சோதனையால் இதனை எவரும் அறியலாம். ஒரே அளவான இரு கண்ணாடித் தகடுகளை எடுத்து, ஒன்றை மண்ணெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேற் பிடித்துக் கரி படியச் செய்க. ஒரே அளவு நீர் ஊற்றிய மணலை இரு தட்டுகளில் இட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாண் உயரத்தில் ஒரு கண்ணாடியைத் தாங்கி வைத்து வெயிலில் விடுக. சிறிது நேரத்திற் கரி படிந்த கண்ணாடி நன்கு சுடும். ஆயின் அதன் கீழுள்ள மணல் மற்றதிலும் குளிர்ந்திருக்கும். அதன் ஈரமும் மெதுவாகவே உலரும்.

வானிலுள்ள கரியும் இவ்வாறே இரண்டு வேலைகளைச் செய்கிறது. தான் மிதக்கும் காற்றடுக்கைச் சூடாக்குவது ஒன்று. அதன் கீழுள்ள நிலத்திற்கும் கடலுக்கும் சேரவேண்டிய வெயிலைக் குறைப்பது மற்றொன்று. மேற்காற்றுச் சூடேறிக் கீழ்நிலம் குளிர்ந்தால், கீழ்க்காற்று மேலெழுவது தடைப்படும். மேலெழும் காற்றே முகிலை உண்டாக்குவது. கடலில் விழும் வெயில் குறைந்தால் ஆவியாகும் நீரும் குறையும். எனவே கரி மிகுந்தால் மழை பாதிக்கப்படுவதற்கு இடமுண்டு.

3. மாதிரியுரு என்றால் என்ன?

காலநிலை விஞ்ஞானிகள் பயன்படுத்தும் "மாதிரியுரு" என்னும் சொல் கடினமாகத் தோன்றினும் அதன் கருத்துக் கமக்காரருக்குப் பழக்கமானதே. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் உன்னிச்சைக் குளத்து நீர்மட்டம் இவ்வளவு, பாயவேண்டிய ஏக்கர் இவ்வளவு, பயிரின் வயது இத்தனை நாள் என்று கணித்து, எத்தனை ஏக்கர் செய்யலாம் என முடிவு செய்கின்றனர். நீரைத் திறந்து பார்க்காமலே, கணக்கினால் வருவதை முன்னறியும் இம்முறையே மாதிரியுருவாகும்.

புகைக்கரிக்கும் இதே கணக்குப் பொருந்தும். வானத்தை ஒரு குளமாகக் கொள்க. எரியும் வைக்கோலும் அடுப்பும் வாகனமும் அதனுள் வரும் வாய்க்கால்கள். மழையும் தானாகப் படிதலும் அதன் மதகுகள். ஒரு கரித்துணிக்கை சராசரியாக ஒரு வாரமளவில் வானில் நிற்கிறது. நாளொன்றுக்கு 750 கிலோகிராம் கரி தொடர்ந்து சேருமாயின், 750 ஐ 7 ஆற் பெருக்க, வானில் எப்போதும் 5,250 கிலோகிராம் நின்றுகொண்டிருக்கும். எரிப்பு முற்றாக நின்றால் 7 நாளில் அது ஏறக்குறைய 1,900 கிலோகிராமாகக் குறையும். 28 நாளில் 100 கிலோகிராமுக்கும் குறைந்துவிடும்.

நிலக்கரி, எண்ணெய் என்பவற்றால் வரும் காபனீரொட்சைட்டோ பல நூற்றாண்டுகள் வானில் நிற்கும் இயல்புடையது. கரியைக் குறைத்தால் ஒரு மாதத்திற் பலன் தெரியும்; காபனீரொட்சைட்டைக் குறைத்தால் நம் பேரப்பிள்ளைகளுக்கே முழுப் பலன் சேரும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது, இரண்டும் வேண்டும். வைக்கோல் எரிவதால் வரும் காபனீரொட்சைட்டு, அப்பயிர் வளரும்போது வானிலிருந்து எடுத்ததேயாதலால் அடுத்த போகப் பயிர் அதனை மீட்டும் எடுத்துக்கொள்ளும். கரியோ பயிர் எடுத்துக்கொள்ளும் பொருளன்று. அது வானிற்கு ஏற்றப்படும் புதுச் சுமையாகும்.

4. கையாற் செய்யத்தக்க ஒரு கணக்கு

உலர்ந்த வைக்கோல் ஒரு தொன் எரிந்தால் ஏறக்குறைய முக்காற் கிலோகிராம், அதாவது 750 கிராம், புகைக்கரி வெளிவரும். ஒரு கிராம் கரி ஏறக்குறைய ஏழரைச் சதுர மீற்றர் பரப்பில் விழும் வெயிலை விழுங்கவல்லது. இவ்விரண்டையும் பெருக்க 5,625 சதுர மீற்றர் வரும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். ஆகவே ஓர் ஏக்கரில் ஒரு தொன் வைக்கோலை எரிப்பவர், அந்த ஏக்கரிலும் பெரியதொரு நிழலை வானில் விரித்துவிடுகிறார். அந்நிழல் பரந்து மெலிந்து போவதாற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் அதன் மொத்த அளவு குறைவதில்லை.

இனி, ஆயிரம் ஏக்கரில் ஏக்கருக்கு ஒரு தொன் வீதம் ஒரே நாளில் எரிக்கப்படுவதாகக் கொள்வோம். கரி 750 கிலோகிராம். அது 50 கிலோமீற்றர் நீளமும் 20 கிலோமீற்றர் அகலமும் உள்ள பரப்பிற் சமமாகப் பரவினால், அப்பரப்பில் விழும் உச்சி வெயிலில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு காற்றிலேயே விழுங்கப்படும். நண்பகல் வெயில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1,000 வாற்று. அதில் 5 அல்லது 6 வாற்று நிலத்தை அடையாது.

இது சிறிதெனத் தோன்றலாம். மேலும், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று அக்கரியை 3 மணித்தியாலமும் 20 நிமிடமும் ஆவதற்குள் அந்த 50 கிலோமீற்றரையும் கடத்திவிடும். ஆயின் அதே காற்று ஒரு வாரத்தில் 2,500 கிலோமீற்றர் செல்லும். ஆகவே இங்கு எழுந்த கரி வேற்றூர் வானிற் சேர்கிறது. வேற்றூர்க் கரி இங்கு வந்து சேர்கிறது. வடகீழ்க் காற்று வீசும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் அடுப்பு, ஆலை, வாகனம், வயல் ஆகியவற்றின் புகை வங்கக்கடல் வழியாகத் தெற்கே வருகிறது. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் ஆண்டுதோறும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எரிக்கப்படும் நெல்வைக்கோலின் புகை செய்மதிப் படங்களிற் தெளிவாகக் காணப்படுவதாகும்.

5. பெரிய மாதிரியுருக்கள் செயற்படும் முறை

உலகம் முழுவதற்கும் இக்கணக்கைச் செய்யும்போது விஞ்ஞானிகள் வளிமண்டலத்தை வயல் வரவைகளைப் போலச் சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றனர். கட்டங்கள் பக்கம் பக்கமாக மட்டுமன்றி ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கப்பட்டிருக்கும். வரம்பில் வெட்டிய வாய்வழியே நீர் ஒரு வரவையிலிருந்து அடுத்ததிற்குச் செல்வதுபோல, காற்றும் வெப்பமும் ஈரமும் கரியும் கட்டத்திலிருந்து கட்டத்திற்குச் செல்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு கரி வந்தது, எவ்வளவு மழையிற் கழுவப்பட்டது, எவ்வளவு வெயில் விழுங்கப்பட்டது, அதனாற் காற்று எவ்வளவு சூடேறியது என்பவற்றைக் கணினி சிறிது நேரத்திற்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கணிக்கிறது. பின்னர் கரியில்லாத வானுக்கும் அதே கணக்குச் செய்யப்படும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே கரியின் விளைவாகும்.

உலக மாதிரியுருக்கள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர். மட்டக்களப்பு வாவியின் நீளமோ ஏறக்குறைய 56 கிலோமீற்றர். வாவி, வயல், காடு, கடல் அனைத்தும் ஒரே கட்டத்தினுள் அடங்கிவிடும். ஆதலின் ஒரு மாவட்டத்தின் மழை இவ்வளவு குறையும் என்று தனித்துக் கூற இம்மாதிரியுருக்கள் ஏற்றவையல்ல. ஒரு பெரும் பிரதேசத்தின் போக்கையே அவை கூறவல்லன.

6. இந்து சமுத்திரத்திற் செய்யப்பட்ட அளவீடுகள்

கணக்கு மெய்யா என்று அறிய அளந்து பார்த்தல் வேண்டும். இலங்கைக்கு அண்மையிலேயே அவ்வளவீடு நடைபெற்றது. 1999 ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சு வரை இந்து சமுத்திர ஆய்வுத் திட்டம் கப்பல், விமானம், பலூன், செய்மதி, நிலக்கூடம் ஆகியவற்றின் துணையுடன் வானை அளந்தது. இதற்குத் தலைமை தாங்கியோர் இருவர். ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்று, பின்னர் கலிபோர்னியாவிற் பணியாற்றிய வீரபத்திரன் இராமநாதன். மற்றவர் 1995 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஒல்லாந்து விஞ்ஞானி போல் குருற்சன்.

கண்டது யாதெனில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வட இந்து சமுத்திரத்தின் பெரும்பகுதி மேல் 3 கிலோமீற்றர் உயரம்வரை கபில நிறப் புகைமூட்டம் பரந்திருந்தது. அதன் துணிக்கைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மனிதர் செயலால் வந்தவை. நுண்துணிக்கைகளின் நிறையில் நூற்றுக்கு 14 பங்கே கரி. எனினும் அம்மூட்டம் மேற்பரப்பை அடையும் வெயிலைச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 20 வாற்று குறைத்தது. ஒவ்வொரு சதுர மீற்றர் நிலத்திலும் கடலிலும் ஒரு 20 வாற்று மின்குமிழை அணைத்ததற்கு இது ஒப்பாகும். அவ்வாறு குறைந்த வெயிலின் பெரும்பகுதி மேற்காற்றைச் சூடாக்கியது.

2006 மார்ச்சு மாதத்தில் மாலைதீவிலிருந்து விமானியில்லாச் சிறு விமானங்கள் மூன்று, மூட்டத்தின் கீழும் உள்ளும் மேலுமாக ஒரே வேளையிற் பறக்கவிடப்பட்டன. மூட்டத்தினால் கீழ்வளிமண்டலம் வெயிலாற் சூடேறும் அளவு ஏறக்குறைய நூற்றுக்கு 50 பங்கு கூடியதென அவை காட்டின. கண்ணாடித் தகட்டுச் சோதனை காட்டும் உண்மையே கடல்மேலும் மெய்ப்பட்டது.

இராமநாதன் குழுவினர் 1930 முதல் 2000 வரையான காலத்தை மாதிரியுருவில் இயக்கி, 2005 இல் முடிவை வெளியிட்டனர். கபில மூட்டம் வட இந்து சமுத்திரத்தின் ஆவியாதலைக் குறைத்து, தென்மேற்குப் பருவமழையை மெலிவிக்கக்கூடும் என்பதும், பச்சைவீட்டு வாயுக்களால் தரை சூடேறுவதை ஒரு பகுதி மறைத்து வந்துள்ளது என்பதும் அம்முடிவுகள். இந்திய நெல் விளைச்சலைப் பற்றி 2006 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மூட்டமும் பச்சைவீட்டு வாயுக்களும் இல்லாதிருப்பின் அந்நாட்டின் நெல் அறுவடை அதிகமாக இருந்திருக்கும் எனக் காட்டியது.

7. உடன்பாடும் வேறுபாடும்

கரி நிலத்தை அடையும் வெயிலைக் குறைக்கிறது, காற்றைச் சூடாக்குகிறது, ஏறக்குறைய ஒரு வாரமே நிற்கிறது என்பவற்றில் மாதிரியுருக்கள் உடன்படுகின்றன. ஆயின் உலகம் முழுவதையும் அது எவ்வளவு சூடாக்குகிறது என்பதில் வேறுபடுகின்றன. 2013 இல் வெளியான விரிவான மதிப்பீடு சதுர மீற்றருக்கு 1.1 வாற்று என்றது. 2021 இல் அரசாங்கங்களுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு வெளியிட்ட அறிக்கை 0.11 வாற்று என்றது. அது குறைந்து குளிர்விப்பதாகவும், 0.4 வாற்று வரை கூடுவதாகவும் இருக்கலாம் எனவும் குறித்தது.

பத்து மடங்கு வேறுபாடு ஏன்? கரி சூடாக்கிய காற்றில் முகில்கள் மாறுகின்றன. அம்மாற்றம் சூட்டின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. இதனைப் பிற்கால மாதிரியுருக்கள் சேர்த்துக்கொண்டன. எரிப்பின் அளவு, துணிக்கையின் மேற்பூச்சு, அது நிற்கும் உயரம் என்பவையும் விடையை மாற்றுகின்றன. விடை மாறியமையால் விஞ்ஞானம் பொய்யென்று கொள்ளலாகாது. புதிய அளவீடு வந்தபோது கணக்கைத் திருத்துவது நல்ல கமக்காரர் செய்யும் செயலேயாகும். உலகச் சூடு பற்றிய விடை சிறிதானாலும், பிரதேச வெயில் குறைவதும் மூச்சுக்கு வரும் தீங்கும் சிறிதாவதில்லை.

8. இதனாற் பயிருக்கு என்ன?

மட்டக்களப்பிற் பெரும்போக நெல் ஜனவரி மாதமளவிற் பூத்துப் பெப்ரவரியில் முற்றுகிறது. நெல்மணி பால்பிடித்து நிரம்புவதற்கு வெயில் இன்றியமையாத காலம் அதுவே. புகைமூட்டம் பரவும் காலமும் அதுவே. மூட்டம் வெயிலைச் சிதறச் செய்து கீழிலைகளுக்கும் சிறிது ஒளி சேர்ப்பதால் இழப்பின் ஒரு பகுதி ஈடாகும், முழுவதும் ஈடாகாது.

வேற்று நாட்டுப் புகை மிகுதியாக வரும்போது படுவான்கரைக் கமக்காரர் ஒருவர் தம் வைக்கோலை எரியாமல் விடுவதால் ஆவது என்ன என்னும் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை வானத்தில் மட்டுமன்றி வயலிலும் உண்டு. ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும், ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பொசுபரசும், 40 முதல் 70 கிலோகிராம் சிலிக்கனும் உள்ளன. அப்பொற்றாசியம் 24 முதல் 34 கிலோகிராம் மியூரியேற்று ஒஃப் பொற்றாசு உரத்திற்கும், நைதரசன் 11 முதல் 17 கிலோகிராம் யூரியாவிற்கும் சமம். எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும். பொசுபரசில் நாலிலொரு பங்கும் பொற்றாசியத்தில் ஐந்திலொரு பங்கும் இழக்கப்படும். எஞ்சிய சாம்பலும் எரித்த இடத்திலேயே குவிந்து, காற்றிலும் முதல் மழையிலும் போகும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும்வரை உரத்திற்கு அலைந்தோர்க்கு இவ்வெண்களின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

9. செய்யத்தக்கவை

(அ) வயலிற் பரப்புதல்: வெட்டு இயந்திரம் வரிசையாக விட்டுச்செல்லும் வைக்கோலைக் குவியாமல் வயலெங்கும் ஒரே சீராகப் பரப்புக. நீர்ப்பாய்ச்சல் வயல்களில் விதைப்பிற்கு மூன்று வாரமாவது முந்தி, ஈரமுள்ள ஆனால் நீர் நிற்காத மண்ணில் உழுது புதைக்க. நீர் நிற்கும் வயலிற் பச்சை வைக்கோலைப் புதைத்தால் மெதேன் என்னும் வாயு மிகும், இளம்பயிரும் மஞ்சளிக்கும். மழையை நம்பிய வயல்களில் வைக்கோலை மண்ணின்மேல் விட்டு, முதல் மழையுடன் உழுதுவிடலாம்.

(ஆ) கூட்டெரு: வைக்கோல், மாட்டெரு, கிளிரிசிடியா இலை ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே புரட்டினால் இரண்டு மூன்று மாதங்களில் நல்ல எருவாகும். நோய் கடுமையாகத் தாக்கிய வயலின் வைக்கோலையும் எரிக்க வேண்டியதில்லை. குவியல் நடுவில் எழும் வெப்பம் நோய்க்கிருமிகளிற் பெரும்பாலானவற்றை அழிக்கும்.

(இ) காய்கறிப் பாத்திக்கு மூடாக்கு: களுதாவளை போன்ற கரையோர ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றைப் பாத்திகளுக்கு நாலு விரற்கடை தடிப்பில் வைக்கோல் பரப்பினால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். படுவான்கரையில் மிகையாவது எழுவான்கரையிற் குறையாக உள்ளது. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் இரு கரைகளையும் இணைத்துள்ளது. கமக்கார அமைப்புகள் இரண்டு சேர்ந்து ஒழுங்கு செய்தால் இருவர்க்கும் இலாபமாகும்.

(ஈ) மாட்டுத்தீவனம்: 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 7 முதல் 10 நாள் வைத்தபின் மாடுகளுக்குக் கொடுக்கலாம். யூரியாவைத் தனியாகவோ நீருடனோ மாடு உண்ணின் இறக்கும். இளங்கன்றுகளுக்கு இத்தீவனம் ஆகாது. முதன்முறை செய்பவர் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுதல் நன்று.

(உ) வீட்டடுப்பு: உலர்ந்த விறகும், அனகி போன்ற திருத்திய மண்ணடுப்பும், புகைபோக்கியும் கரியைக் குறைக்கும். குழந்தைகளும் முதியோரும் தொய்வு நோயாளரும் இருக்கும் வீட்டில் இது முதற்கடமையாகும்.

10. நினைவிற் கொள்ள வேண்டியவை

கரி ஒரு வாரமே நிற்கும். ஆதலின் எரிப்பைக் குறைத்தால் பலன் விரைவில் வரும். மாதிரியுருக்கள் உலக அளவு பற்றி வேறுபடினும், வயலின் மேலுள்ள வெயில் குறைவதில் வேறுபடவில்லை. ஒரு தொன் வைக்கோலை எரிப்பவர் வானில் ஓர் ஏக்கரிலும் பெரிய நிழலை விரித்து, நிலத்தில் ஒரு பங்கு உரத்தை இழக்கிறார். முதற்போகத்தில் முழு வயலிலும் மாற்றம் செய்ய இயலாதோர் ஓர் ஏக்கரில் மட்டும் வைக்கோலைப் புதைத்து, அடுத்த வயலின் விளைச்சலுடன் இரண்டு மூன்று போகங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகலாம்.